பூ பறக்கும் டிஸ்க்

அன்று காலை இன்பராஜின் ஸ்டூடியோவில் முதலில் கேட்டது டிவிடி ரைட்டர் தன் தட்டைத் தானாகவே வெளியே துப்பிய சத்தம். அடுத்துக் கேட்டது ஜாஸ்மினின் குரல்.

"வேணும்னே பண்றியா ண்ணா?"

"மிஷின் செத்துப் போனா அதுக்கும் நான்தான் காரணமா? வயசாயிடுச்சு அதுக்கு. போய்ச் சேந்துடுச்சு."

"இன்னிக்குன்னு பாத்தா?"

"நீ தேதி குறிச்சுக் குடுத்திருந்தா நேத்தே சாகச் சொல்லியிருப்பேன்."

தொடரில் நடுவில் ஒரு வாரம் தவறவிட்டவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் தைத்து வரும் அப்பர்களை, அதாவது ஷூவின் மேல்பாகங்களை, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துத் தேறுமா தேறாதா என்று பிரிப்பவள் ஜாஸ்மின். கணவன் ஜான்சன் அரக்கோணத்தில் புது வீடு கட்டினான். ஃபாதர் வந்து வீட்டை மந்திரித்துவிட்டுப் போன சிறிது நேரத்தில், பந்தி நடக்கும்போதே, அவள் பெட்டியைத் தெருவில் வீசினான். "உன் பொண்ணையும் கூட்டினு போ, எனக்கு வேணாம்" என்று கத்தினான். ஆனால் அவள் தெருவில் இறங்கியதும் குழந்தை ஷெரினை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டான். இப்போது, "அவளேதான் குழந்தையை வேண்டாமென்று விட்டுப் போனாள்" என்று வேலூர் கோர்ட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறான்.

அன்றைக்குப் பந்தியில் இருந்தவர்கள் எல்லாம் ஜான்சனின் ஆட்கள். ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். விழாவை வீடியோ எடுத்தது அவள் அண்ணன் இன்பராஜ். பெட்டி தெருவில் விழுந்தபோதும் அவன் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஷெரினைத் திரும்பப் பெற ஜாஸ்மினுக்கு இருக்கும் ஒரே வழி அதுதான்.

அந்த வீடியோவை அவள் இன்றுவரை பார்த்ததில்லை. கேட்டபோதெல்லாம் அண்ணன் ஏதாவது ஒரு சாக்குச் சொன்னான். கடைசியில் வக்கீல் பாரதி போனில் அவனைப் பிடித்தார். "டிஸ்க்ல போட்டுக் குடுங்க. இல்லன்னா கேமராமேன்னு உங்களையே கூண்டுல ஏத்தி விசாரிக்க மனு போடுவேன்" என்றார். அதற்குப் பிறகுதான் இன்பராஜ் சரி என்றான்.

"பென் டிரைவ்ல குடுத்தா ஆவாதா?" என்று இப்போது கேட்டான்.

"ஆவாதுன்னு ஆயிரம் தடவ சொல்லிட்டாங்க. அத அழிக்கலாம், மாத்தலாம்னு எதிர்வக்கீல் எகிறுவானாம். ஒரு தடவ எழுதினா மாத்த முடியாத டிஸ்க்ல, எடுத்தது எடுத்தபடியே இருக்கணும். மதியம் கேஸ் கூப்புடுவாங்க. கெளம்பு, வக்கார் பாய் கடைக்கு."

உள்ளே இருந்து அண்ணி ஆரோக்கியமேரி எட்டிப் பார்த்தாள். ஸ்டூடியோவுக்குப் பின்னால்தான் வீடு. ஜாஸ்மின் வந்து தங்கியதிலிருந்து அந்த வீட்டில் பாத்திரங்கள் கொஞ்சம் பலமாகவே விழுகின்றன.

"காலையிலயே ஆரம்பிச்சுட்டாங்களா? கஸ்டமர் வந்தா காறித் துப்பிட்டுப் போவான்."

"துப்பட்டும் அண்ணி. எம் பொண்ணு வந்துட்டா நான் போயிடறேன்."

"வந்துட்டாதானே?" என்றாள் ஆரோக்கியமேரி.

*

வக்கார் அகமதுவின் கம்ப்யூட்டர் கடை பஜாரில், தோல் சாமான் கடைகளுக்கு நடுவில் இடுக்காக இருந்தது. அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரைட்டரா? இப்ப அத யார் வாங்கறாங்க? ஸ்கேன் சென்டர்காரங்க வாங்குவாங்க. கோர்ட்டு கேஸ் இருக்கறவங்க வாங்குவாங்க. நீங்க எதும்மா?"

"கோர்ட்டு" என்றாள் ஜாஸ்மின்.

"கல்யாண ஆல்பத்துக்கு" என்றான் இன்பராஜ், அதே நேரத்தில்.

பாய் இரண்டு பொருளை மேஜைமேல் வைத்தார். ஒன்று, பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய, பெட்டிக்குள் மாட்டுகிற ரைட்டர். மற்றது வெளியிலிருந்து ஒயரில் சொருகும் மெலிசான புதியது.

"பழசு கம்மி வெலதான். ஆனா கேரண்டி இல்ல. பாதி எழுதும்போது நின்னாலும் நிக்கும். இது புதுசு. ஆனா இதுக்குக் கரண்ட் ஜாஸ்தி வேணும், கம்ப்யூட்டருக்குப் பின்னால இருக்கற ஓட்டையிலதான் சொருகணும். முன்னாடி சொருகினா டிஸ்க் வீணாப் போகும்."

"பழசே போதும்" என்றான் இன்பராஜ்.

"புதுசு குடுங்க பாய்" என்றாள் ஜாஸ்மின்.

"என் கடைக்கு எது வேணும்னு எனக்குத் தெரியாதா?"

"உன் கடைக்கு நீ அப்புறமா வாங்கிக்கோ. இது நான் வாங்கறது. என்னோடது."

இன்பராஜ் திரும்பித் தெருவைப் பார்த்து நின்றுகொண்டான். பாய் பணத்தை வாங்கிக்கொண்டு அடுத்த சங்கதிக்கு வந்தார்.

"எழுத சாஃப்ட்வேர் இருக்கா?"

"பழைய ரைட்டரோட வந்ததே இருக்கு" என்றான் இன்பராஜ்.

"அது ஆவாது தம்பி. அந்தக் கம்பெனி சாஃப்ட்வேர் அந்தக் கம்பெனி ரைட்டர மட்டும்தான் எடுத்துக்கும். இத மாட்டினா, 'ரைட்டரே காணோம்'னு கைய விரிச்சிடும். நான் ஒண்ணு தர்றேன். சும்மாவே கெடைக்கறதுதான். ஃபைல தூக்கி அதுல போடு, எழுதுன்னு சொல்லு, அவ்ளோதான். எழுதி முடிச்சதும் டிஸ்க்க மூடற குறி ஒண்ணு இருக்கும், அத மறக்காம போடு. மூடாத டிஸ்க் வேற மிஷின்ல போட்டா காலின்னு காட்டும்."

"அதெல்லாம் வாணாம் பாய்" என்றான் இன்பராஜ் சட்டென்று. "என்கிட்ட டிவிடி செய்யற சாஃப்ட்வேர் புது வெர்ஷன் இருக்கு. அது எந்த ரைட்டர்லயும் ஓடும். என் கடை டிஸ்க்கு எல்லாம் அதுலதான் போறது."

"அது படத்த மாத்திப் புதுசா செய்யுமே தம்பி. இவங்களுக்கு இருக்கறது இருக்கறபடி..."

"பாய், நீங்க ரைட்டர் வித்தீங்களா, சந்தோஷம். தொழில எனக்குக் கத்துக் குடுக்காதீங்க."

பாய் தோளைக் குலுக்கிக்கொண்டார். ஆனாலும் அந்த இலவச சாஃப்ட்வேரை ஒரு பென் டிரைவில் போட்டு ஜாஸ்மின் கையில் கொடுத்தார்.

*

ஸ்டூடியோவுக்குத் திரும்பியதும் இன்பராஜ் ரைட்டரை முன்பக்கம்தான் சொருகினான்.

"பின்னாடின்னு சொன்னாரில்ல?"

"பின்னாடி கை நுழையாது."

கடையில் மிச்சமிருந்த வெற்று டிஸ்க்குகள் ஒவ்வொன்றாகப் பாதியில் நின்று வீணாயின. ஒவ்வொன்றையும் எடுத்து மேஜைமேல் போட்டபோது அவன் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை.

"டீ டம்ளர் வைக்க ஆவும்" என்றான்.

ஜாஸ்மின் தரையில் மண்டியிட்டாள். தூசியும் ஒட்டடையுமாக இருந்த இடத்துக்குள் கையை விட்டு, ஒயரைப் பின்பக்கம் அவளே மாட்டினாள்.

"பாய் குடுத்தத போடு ண்ணா. ஃபைல அப்படியே எழுதிடு."

"இது யார் கடை?"

"உன் கடைதான்."

"அப்போ என் சாஃப்ட்வேர்தான். நீ போய் வெத்து டிஸ்க் வாங்கினு வா. இங்க ஒண்ணும் மிச்சமில்ல."

அவள் பஜாருக்கு ஓடினாள். திரும்பி வந்து டிஸ்க்குகளைக் கொடுத்துவிட்டு நிமிர்வதற்குள் அண்ணி கூப்பிட்டாள். கேஸ் சிலிண்டர் வந்திருக்கிறது, உள்ளே உருட்டி வைக்க வேண்டும் என்றாள். வைத்துவிட்டு வந்தால் தண்ணீர்க் குடம். அதையும் தூக்கி வைத்துவிட்டு வந்தபோது டிஸ்க்குகள் தயாராக உறைக்குள் இருந்தன.

"பாக்கணும்" என்றாள்.

"பாரேன்." ஒன்றைப் போட்டு, படத்தை நடுப்பகுதிக்கு ஓட்டி நிறுத்தினான். "சவுண்டு வெக்காத. வெளிய பாஸ்போர்ட் போட்டோக்கு ஆள் வந்திருக்கு. உம் புருஷன் வாயில வர்றதெல்லாம் அவங்க கேக்கணுமா?"

அது அவளுக்கும் சரியென்றே பட்டது. அந்த வார்த்தைகளை இன்னொரு முறை காதில் வாங்க அவளுக்கும் தெம்பில்லை. திரையில் படிக்கட்டு தெரிந்தது. ஜான்சன் தெரிந்தான். அவன் கை உயர்ந்தது, சிவப்புப் பெட்டி பறந்தது. வாசலில் மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டு ஷெரின் நின்றாள்.

ஜாஸ்மின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கம்பெனியில் ஒரு தையல் விலகியிருந்தாலும் ஒதுக்கித் தள்ளுகிற கண் அவளுடையது. ஆனால் இதை முதலிலிருந்து முடிவுவரை பார்க்க அவளால் முடியவில்லை.

"தெளிவா இருக்கு" என்றாள்.

"இருக்கும். நான் எடுத்ததாச்சே."

*

கோர்ட்டில் ஜான்சன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். அவளைப் பார்த்ததும், பஸ் ஸ்டாண்டில் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனான்.

நீதிபதி அம்மா டிஸ்க்கைப் போடச் சொன்னார். மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டரில் அது ஓடத் தொடங்கியது.

முதலில் ரோஜாப் பூக்கள் பறந்தன. திரையின் நாலு மூலையிலிருந்தும் வந்து நடுவில் கூடி ஒரு இதயமாக மாறின. இதயத்துக்குள் தங்க எழுத்தில் இன்பராஜின் ஸ்டூடியோ பெயர் சுழன்றது. இரண்டு வெள்ளைப் புறாக்கள் அந்தப் பெயரைக் கொத்திக்கொண்டு போயின. பின்னணியில் புல்லாங்குழல்.

யாரோ பின்வரிசையில் சிரித்தார்கள்.

படம் வந்தது. ஃபாதர் வந்தார், வீட்டை மந்திரித்தார், பந்தி வந்தது. புல்லாங்குழல் மட்டும் நிற்கவில்லை. பேசுகிற ஒருவர் குரலும் கேட்கவில்லை. விழா வீடியோக்களில் சத்தத்தை எடுத்துவிட்டுப் பாட்டைப் போடுவது அந்தப் பக்கத்து ஸ்டூடியோக்காரர்களின் வழக்கம். மைக்கில் விழும் பந்திச் சத்தம் யாருக்கும் வேண்டாம், பாட்டுதான் வேண்டும். கல்யாணமானாலும் காதுகுத்தானாலும் அப்படித்தான்.

ஜான்சன் வாயைத் திறந்து கத்தினான். புல்லாங்குழல் குழைந்தது. பெட்டி தெருவில் விழுந்தபோது அதோடு ஒரு தபேலாவும் சேர்ந்துகொண்டது.

எதிர்வக்கீல் மெதுவாக எழுந்தார்.

"புது வீடு. சாமான்கள் ஏத்தி இறக்கறாங்க. என் கட்சிக்காரர் ஒரு பெட்டியை இறக்கி வைக்கிறார். கொஞ்சம் வேகமா இறக்கிட்டார், ஒத்துக்கறேன். 'குழந்தை வேண்டாம்'னு அவர் சொன்னதா மனுவில இருக்கு. எனக்குப் புல்லாங்குழல்தான் கேக்குது."

இந்த முறை சிரிப்பு பின்வரிசையோடு நிற்கவில்லை. பாரதி ஜாஸ்மின் பக்கம் திரும்பவே இல்லை. அவர் காது சிவந்திருந்தது.

மாற்றி அமைக்கப்பட்ட படத்தை ஏற்க முடியாது என்றார் நீதிபதி. அசல் பதிவோடு அடுத்த வாய்தாவுக்கு வரவேண்டும். அதுவரை குழந்தை தகப்பனிடமே இருக்கட்டும்.

வெளியே வராந்தாவில் பாரதி ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொண்டார்.

"ஜாஸ்மின், அடுத்த தடவை அசல் வரலன்னா வேற வக்கீலைப் பாத்துக்கோங்க."

*

ஆம்பூர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவள், இறங்கி நேரே ஸ்டூடியோவுக்குள் நுழைந்தாள்.

"பாட்டு போட்டியா ண்ணா? எம் பொண்ணு கேஸுக்குப் பாட்டு போட்டியா?"

"அது தானா வர்றது. டெம்ப்ளேட்டு. எந்த டிஸ்க் போட்டாலும் பூ வரும், பாட்டு வரும். நான் அத கவனிக்கல."

"கவனிக்கலையா? சவுண்டு வெக்காதன்னு சொன்னது யாரு?"

"கஸ்டமர் இருந்தான்னு சொன்னேன்!"

"கோர்ட்டே சிரிச்சுது. அவன் சிரிச்சான். அந்தப் பொறா பறக்கும்போது உம் மாப்ள சிரிச்சத நீ பாத்திருக்கணும்."

"இன்னாடி பேஜார் இது?" என்று வந்தாள் ஆரோக்கியமேரி. "செஞ்சு குடுத்தா வாங்கினு போ. புடிக்கலன்னா விடு. ஓசியில செஞ்சதுக்கு இவ்ளோ பேச்சா?"

"அசல் மெமரி கார்டு குடுக்கச் சொல்லுங்க அண்ணி. நான் போயிடறேன்."

"கார்டு கெடையாது" என்றான் இன்பராஜ். "அத அழிச்சு அது மேலயே குடியாத்தம் கல்யாணம் ஒண்ணு எடுத்துட்டேன்."

ஆரோக்கியமேரி கணவனை விநோதமாகப் பார்த்தாள். பொய் அவளுக்குப் பிடிபட்டது. ஆனால் அந்தப் பொய் எதற்கென்று அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், அந்தக் கார்டு இங்கே இருக்கும்வரை நாத்தனாரும் இங்கேதான் இருப்பாள் என்பது. விறுவிறுவென்று போய் பீரோ இழுப்பறையைத் திறந்தாள். ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து வந்தாள்.

"மேரி! அத வெய்யி!"

"எதுக்கு வெக்கணும்? இந்தச் சனியன் இன்னியோட ஒழியட்டும்." டப்பாவை ஜாஸ்மினின் காலடியில் வீசினாள். "எடுத்துனு போ. கேஸ ஜெயி, தோத்துப் போ, எப்படியோ போ. இந்த வீட்டுப் பக்கம் மட்டும் வராத."

இன்பராஜ் குனிவதற்குள் ஜாஸ்மின் குனிந்துவிட்டாள். மேஜையிலிருந்த ரைட்டரின் ஒயரைப் பிடுங்கினாள். இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். பின்னால் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் ஏசுவது பஜார் முனைவரை கேட்டது.

*

வக்கார் பாய் கடையை இன்னும் மூடவில்லை. நடந்ததையெல்லாம் அவள் சொல்லக் கேட்டுக்கொண்டே கார்டை வாங்கி மாட்டினார். ரைட்டரைப் பின்பக்கம் சொருகினார்.

"எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவ முழுசா கேட்டுடும்மா. காலையில கேக்காம விட்டதுதானே வினையாச்சு?"

ஹெட்போனைக் கொடுத்தார். ஜாஸ்மின் காதில் மாட்டிக்கொண்டாள்.

பூக்கள் இல்லை. பாட்டு இல்லை. பந்தியில் இலை போடும் சத்தமும் யாரோ சாம்பார் கேட்கும் குரலும் அப்படியே இருந்தன. பிறகு படிக்கட்டு. ஜான்சன். "உன் பொண்ணையும் கூட்டினு போ, எனக்கு வேணாம்!" ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. இது போதும், எம் பொண்ணு எனக்கு வந்துட்டா என்று நினைத்தாள். ஹெட்போனைக் கழற்றக் கையை உயர்த்தினாள்.

அப்போது இன்னொரு குரல். ஜான்சனுடையதைவிடத் தணிவானது. ஆனால் மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில், காதுக்குள்ளேயே பேசுவதுபோல். கேமராவைப் பிடித்திருந்தவனின் குரல்.

"மாப்ள, அவசரப்படாத. பொண்ண மட்டும் அனுப்பாத. பொண்ணு உன்கிட்ட இருந்தா இவ ஆடாம அடங்கிக் கெடப்பா. ரெண்டையும் அனுப்பினா ரெண்டும் என் தலமேலதான் வந்து ஏறும். இவள மட்டும் நான் கூட்டினு போயிடறேன். நீ பொண்ண உள்ள இழுத்துக் கதவ சாத்து."

திரையில் ஜான்சன் கேமராவைப் பார்த்தான், தலையாட்டினான். மஞ்சள் கவுன் உள்ளே போனது. கதவு மூடியது.

அன்றைக்கு ஆம்பூர்வரை பஸ்ஸில் அவள் தலையைத் தோளில் சாய்த்து, "அழாத, நான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தவன் இந்தக் குரல்காரன்தான்.

கடை வாசலில் பைக் நின்றது. இன்பராஜ் மூச்சிரைக்க உள்ளே வந்தான். முதலில் அவள் காதில் இருந்த ஹெட்போனைப் பார்த்தான், அப்புறம்தான் அவள் முகத்தை.

"கேட்டுட்டியா?"

ஜாஸ்மின் படத்தைக் கொஞ்சம் பின்னால் ஓட்டிவிட்டு ஹெட்போனின் ஒயரைப் பிடுங்கினாள். கடை முழுக்க அவன் குரல் ஒலித்தது. "...நீ பொண்ண உள்ள இழுத்துக் கதவ சாத்து."

வக்கார் பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

"சோத்துக்கு எங்கடி போவேன் நானு?" என்றான் இன்பராஜ். குரல் உடைந்தது, ஆனால் இறங்கி வரவில்லை. "மொபைல் வந்து ஸ்டூடியோவ தின்னுடுச்சு. இதுல நீயும் உம் பொண்ணும் வேறயா? ஒரு ஆள சமாளிக்கலாம்னு பாத்தேன். தப்பா?"

"எட்ட நில்லு ண்ணா."

"அந்தக் கார்ட குடு."

"பாய், டிஸ்க்க போடுங்க."

தட்டு வெளியே வந்தது, டிஸ்க்கை வாங்கிக்கொண்டு உள்ளே போனது. இன்பராஜ் ஒரு அடி முன்னால் வைத்தான். குரலைத் தணித்தான். வீடியோவில் கேட்ட அதே தணிவு.

"யோசிச்சு எழுதச் சொல்லு. ஷெரின் இப்போ அரக்கோணத்துல இல்ல. நேத்தே வேற எடத்துக்கு அனுப்பிட்டாங்க. எங்கன்னு ஜான்சன் கோர்ட்டுல சொல்லமாட்டான். எனக்குத் தெரியும். இது கோர்ட்டுக்குப் போச்சுன்னா எனக்கும் தெரியாமப் போயிடும்."

பாய் மவுஸ்மேல் கையை வைத்தபடி ஜாஸ்மினைப் பார்த்தார். "எழுதட்டுமாம்மா?"

தெருவில் கம்பெனி பஸ்கள் ஷிப்டு முடிந்த பெண்களை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தன. அவளுக்குத் தெரிந்த முகங்கள் சில கண்ணாடிக்கு வெளியே கடந்து போயின. ஜாஸ்மின் அண்ணனிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எழுதுங்க பாய்" என்றாள்.